கணக்கு வராத பிள்ளைக்கு யார் சொல்லித்தருவது?

ஆசிரியருக்கு,

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கும் எழுத்தும் கற்றுத்தரும் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கான ஆசிரியர் பயிற்சி பற்றிய செய்தி படித்தேன். நல்ல திட்டம்தான், ஆனால் கணக்கில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியாவிட்டால் என்ன பயன்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பள்ளியிலோ இன்னும் அதற்குச் ‘சோம்பேறி’ என்றுதான் பெயர். மூன்றாம் வகுப்பில் 13-ஐ 31 என்று எழுதியதற்காக என் மகன் நூறு முறை இம்போசிஷன் எழுதினான், அதிலும் பாதி 31தான்! அப்புறம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வாரம் ஒருநாள் வரும் சிறப்பாசிரியர் பத்துப் புளியங்கொட்டையைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடி, மூன்றை வெளியே வைத்துக் காட்டினார். இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டான்.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் நடக்கும் அடுத்த பயிற்சியில் ஒரு முழுநாளைச் சிறப்பாசிரியர்களிடம் விட்டுவிடலாம். படக்காட்சி வேண்டாம், பிள்ளைகளை வைத்தே நடத்தட்டும்.

– ஒரு தகப்பன், திருமங்கலம்