ஆத்ரேயா கெட்டது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சினிமா வில்லன்களுக்கு முன்கதை எழுதும் போக்கு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் ஹாலிவுட்டையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். நம் வீட்டுத் திண்ணையில் ஒருத்தன் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவில்லை. ‘24’ படத்து ஆத்ரேயாவைச் சொல்கிறேன்.

நான் தஞ்சாவூரில் நாற்பது வருஷத்துக்கும் மேலாக வாட்ச் ரிப்பேர் செய்பவன். 2016 மே மாதம் அந்தப் படம் வந்தபோது, “ஹீரோ உங்க தொழில்தாண்ணே” என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி சொன்னான். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். (எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்ததும் அதே வருஷம்தான். எங்கள் தொழிலுக்குத் திரையில் கிடைத்த மாலையும் அதே வருஷம் விழுந்தது.)

படத்தில் சேதுராமன் விஞ்ஞானி. காலத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வாட்சைச் செய்கிறார். ஆத்ரேயா அவருடைய இரட்டைச் சகோதரன். இவர்கள் இருவரும், வாட்ச் மெக்கானிக்காக வரும் சேதுராமன் மகன் மணியும் என மூன்று வேடமும் சூர்யாதான். ஆத்ரேயா வரும்போதே கொலைகாரனாக வருகிறான். ஏன் இப்படி ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே வயிறு, ஒரே முகம். ஒருத்தன் கையில் திருப்புளி, இன்னொருத்தன் கையில் துப்பாக்கி. இடையில் என்ன நடந்தது?

முன்கதை என்றதும் எனக்குப் பயம் வருவதும் உண்மை. 2018-ல் ‘2.0’ பார்த்தேன். பறவைகளுக்காக அலைந்து அலைந்து ஓய்ந்த பக்ஷிராஜன் செல்போன் கோபுரத்தில் தூக்கு மாட்டிக்கொண்டதைக் காட்டியதும், நான் முழுசாக அவர் பக்கம் போய்விட்டேன். அதற்குப் பிறகு ரஜினி ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? அதற்கு முந்தைய ‘எந்திரன்’ இன்னும் சுலபமான வழி: குப்பையில் கிடந்த ரோபோ சிட்டிக்குள் சிவப்பு சிப்பைச் சொருகினார்கள், கெட்டுப்போனான். ஒன்றில் கண்ணீர், இன்னொன்றில் சிப். இரண்டிலும் வில்லனுக்கு வேலையே இல்லை. கெடுதல் வெளியிலிருந்து வந்து அவன் தலையில் விழுகிறது. சூழ்ச்சிக்காரன் அப்படி உருவாவதில்லை. வாட்சைப் போல அவனையும் உட்கார்ந்து பொறுமையாகக் கோக்க வேண்டும்.

கம்பர் கூனிக்கு எவ்வளவு கொடுத்தார்? சின்ன வயதில் இராமன் விளையாட்டாக வில்லில் அடித்த மண் உருண்டை, அது முதுகில் பட்ட நினைவு. அவ்வளவுதான். அழுகை இல்லை, நியாயமும் இல்லை. ஆனால் அயோத்தி கவிழ்கிறது.

ஆத்ரேயாவுக்கான உருண்டை படத்திலேயே இருக்கிறது என்பேன். 26 வருஷம் கோமாவில் கிடந்து எழுகிறான், சக்கர நாற்காலி. வாட்ச் கைக்கு வந்தால் அது 24 மணி நேரத்துக்கு மேல் நகராது, இழந்த 26 வருஷம் திரும்பாது என்று தெரிகிறது. உடனே வேறு கணக்குப் போடுகிறான்: தான் கொன்ற சேதுராமனாகவே வேஷம் கட்டிக்கொண்டு, அவர் மகன் மணியிடம் அப்பாவாகப் போய் நிற்கிறான். அந்தக் குரல், அந்தச் சிரிப்பு, அந்தக் கனிவு. இப்படி ஒருத்தரைப் போல நடிக்க வேண்டுமானால் எத்தனை வருஷம் அவரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்? பாசத்தில் பார்த்தானா, வயிற்றெரிச்சலில் பார்த்தானா? முன்கதை அங்கே கிடக்கிறது.

எனக்கு இது தெரியும். 1979-ல் நானும் இன்னொரு பையனும் ஒரே கடையில் தொழில் பழகினோம். அவனுக்கு விரல் நடுங்காது. ஹேர்ஸ்பிரிங்கை ட்வீசரில் எடுத்தால் முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசிப்பார். “இங்க வா தம்பி, இதப் பிடி” என்பது அவனுக்கு. “டேய், நீ ஸ்ட்ராப் மாட்டு” என்பது எனக்கு. ஒரு மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தான். அவன் ஓட விட்டு வைத்திருந்த எச்.எம்.டி. ஜனதாவைத் திறந்து, இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பிரிட்ஜின் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திவிட்டு மூடினேன். செகண்டுக்கு ஐந்து தட்டு சத்தம் அப்போதும் ஒழுங்காகத்தான் கேட்டது. மூன்றாம் நாள் கஸ்டமர் கத்திக்கொண்டு வந்தார். அவன் தலை குனிந்து நின்றான். “என்னடா ஆச்சு” என்று எல்லோருக்கும் முன்னால் அவன் தோளில் கை போட்டவன் நான்.

அப்போது எனக்குப் பெரிய துக்கம் எதுவும் இல்லை. வீட்டில் சோறு இருந்தது, அப்பா அடிக்கவில்லை. அந்தக் கை போட்டது இருக்கிறதே, அது யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்தது. மறுபடி செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பதில் இல்லை; மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் காரணமோ என்னவோ.

ஆகவே, யாராவது இளம் இயக்குநர் ஆத்ரேயாவின் கதையை எடுப்பதாக இருந்தால் அனாதை ஆசிரமம், குடிகாரத் தகப்பன், மழையில் அழும் சிறுவன் எதுவும் வேண்டாம். பத்து வயதில் இரண்டு பையன்கள். தரையில் நியூஸ்பேப்பர் விரித்து ஒரு அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருக்கட்டும். சேது ஒவ்வொன்றாகக் கோத்து முடிக்கிறான். சாவி கொடுக்கிறான், ஓடவில்லை. மறுபடி பிரிக்கிறான், தேடுகிறான். பாயைத் தூக்கிப் பார்க்கிறான், பீரோவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறான். ஆத்ரேயாவும் கூடவே குனிந்து, இல்லாத இடமெல்லாம் தேடிக் கொடுக்கிறான், ஒரு கை மட்டும் டவுசர் பைக்குள்.

இப்படிக்கு,
ஒரு வாட்ச் மெக்கானிக்,
கீழவாசல், தஞ்சாவூர்.