ஆலைக்காரனுக்கும் தங்க இலை

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டனின் அச்சகம் வந்த பிறகே ஆங்கில இலக்கியம் தலைநிமிர்ந்தது என்கிறது உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை. அந்த அச்சகம் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்தது 1476-இல். ஆனால் ‘கான்டர்பரி கதைகள்’ எழுதிய கவிஞர் சாசர் 1400-இல் இறந்த சில ஆண்டுகளிலேயே அக்கதைகளின் எல்ஸ்மியர் கையெழுத்துப் பிரதி உருவாகிவிட்டது. தோல் ஏடுகள், தங்க இலை (மெல்லிய தங்கத் தகடு) மின்னும் முதலெழுத்துகள், ஓரங்களில், கதை சொல்லும் 23 கான்டர்பரி யாத்ரீகர்கள் குதிரையேறிய படங்கள். அவர்களில் சாசரும் ஒருவர். குடிகார மாவு ஆலைக்காரனோ பைகுழல் ஊதிக்கொண்டே போகிறான்! லத்தீன் வேத நூல்களுக்குச் செய்துவந்த சிங்காரத்தை இப்படிப்பட்டவர்கள் சொல்லும் ஆங்கிலக் கதைகளுக்கும் செய்யலாம் என்று அன்றே யாரோ துணிந்து பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். அச்சுக்கு முந்தைய இந்த மதிப்பைக் கட்டுரையாளர் எப்படி விட்டார்? கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ள அந்தப் பிரதியின் பக்கம் ஒன்றையாவது அடுத்த இதழில் வண்ணத்தில் வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்