தாமிரபரணிக் கரையில் பேரிடர் அபாய மேலாண்மை முதுநிலைப் படிப்பு தொடங்கக் கோரி மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.
(வழி: மாவட்ட ஆட்சியர், திருநெல்வேலி)

பொருள்: மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அபாயம், இயற்கைப் பேரிடர் மேலாண்மைக்கென இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு தொடங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையைத் தாங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இங்கே கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி என்னிடம் கேட்டது வேறு: "சார், அரிசி மூட்டையைக் கட்டில் மேல வச்சா போதுமா, மாடிக்கே ஏத்திரணுமா?" அதற்குப் பதில் சொல்ல கன அடியைத் தெருக்கணக்காக மாற்றத் தெரிந்தவர்கள் வேண்டும். இந்த மனு அவர்களை உருவாக்கச் சொல்லித்தான்.

தாமிரபரணி ஆற்றின் கணக்கு பாபநாசம், மணிமுத்தாறு அணைகளோடு முடிவதில்லை. திருப்புடைமருதூரில் கடனாநதி சேர்கிறது, அப்புறம் பச்சையாறு, நெல்லையைத் தாண்டி சீவலப்பேரியில் சிற்றாறு. ஷட்டரை எவ்வளவு நிதானமாகத் திறந்தாலும், இவையெல்லாம் ஒரே இரவில் பெருகினால் தண்ணீர் ஊருக்குள் வரத்தான் செய்யும். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று பிரிந்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்கள். மேல்குளத்துக் கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் அத்தனையும் கீழ்க்குளத்தில் வந்து மோதும். கீழ்க்குளத்து மறுகால், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி, தூர்ந்து கிடந்தால் அந்தக் கரையும் போகும்.

மழை எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். மறுகால் ஓடையில் எத்தனை வீடுகள் இருக்கின்றன, அவற்றில் நடக்க முடியாதவர்கள் யார், ராத்திரியில் எந்தப் பாதையில் வெளியேறுவது என்பதெல்லாம் மீதி. இரண்டையும் சேர்த்துப் போடக் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பு. குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை முங்கியிருக்கிறது என்று பார்த்து ஆற்றின் அளவைச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். நல்ல வழக்கம் அது. அந்த மட்டத்தை முறையாக அளந்து, கோயில் மண்டபம் முங்கினால் சிந்துபூந்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் எந்தெந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று வரைபடம் போடும் மாணவர்கள் எங்களுக்கு வேண்டும்.

வெள்ளம் மட்டுமல்ல. 2004 சுனாமியைக் கண்ட உவரி, இடிந்தகரை இருக்கின்றன. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து உயிர்கள் போயின. கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இயங்குகிறது. மலையையும் கடலையும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துத் திரும்பிவிடலாம். களப்பாடத்துக்கு இதைவிடத் தோதான இடம் எது?

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேரிடர் மேலாண்மை மையம் இருக்கிறது. சரி, ஆனால் சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்க முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, நான் பார்த்திருக்கிறேன். இங்கே எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. ஆழ்வார்குறிச்சியில் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. நகரத்திலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. இரண்டும் கைகோத்தால் நீரியல், செயற்கைக்கோள் வரைபடம், மண்சரிவு, 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகியவற்றை இங்கேயே நடத்தலாம்.

புவியியல், நிலவியல், சிவில், வேளாண்மை படித்தவர்களோடு சமூகப்பணி படித்தவர்களையும் சேர்க்க வேண்டும். வெள்ளம் வருமுன் வீடுவீடாகப் பேசப் போகிறவர்கள் அவர்களே. தேர்வைத் தமிழிலும் எழுத அனுமதி வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு குளத்தையோ ஒரு வார்டையோ எடுத்து ஆய்வு செய்து, அந்த வரைபடத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடமும் உள்ளூர் மக்களிடமும் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். படித்து முடித்தவர்களுக்கு மாவட்டத்திலும் தாலுகாவிலும் பேரிடர் பிரிவுப் பணியிடங்களில் முன்னுரிமை தர வேண்டும்.

முதற்கட்டமாகப் பாடத்திட்டக் குழு ஒன்றை அமைத்து, அதில் பொதுப்பணியில் நீண்ட அனுபவமுள்ள பொறியாளர்களுடன் குளத்துப் பாசன விவசாயிகளையும் கடற்கரை மீனவர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்து, வரும் கல்வியாண்டிலேயே சேர்க்கை தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)