ஒரு பல் கூட்டினால் வேகம் கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன் ஸ்பிராக்கெட்டில் (கியர்பாக்ஸிலிருந்து செயினை இழுக்கும் பல்சக்கரத்தில்) ஒரு பல் கூட்டினால் பைக்கின் உச்ச வேகம் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் பிரைமரி கியரை மறந்துவிடுகிறார்கள். கிளட்சுக்கு முன்னாலேயே ஒரு ஜோடிப் பல்சக்கரம் எஞ்சின் சுற்றைக் குறைத்துத்தான் கியர்பாக்ஸுக்குள் விடுகிறது. பிரைமரி 3.0, ஐந்தாவது கியர் 0.9, ஸ்பிராக்கெட் முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிராக்கெட் விகிதம் 42 ÷ 14 = 3. மொத்த விகிதம் 3 × 0.9 × 3 = 8.1. ஆக, எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்றில்) ஓடும்போது பின் சக்கரம் நிமிடத்துக்கு 741 சுற்று. பிரைமரியை விட்டுவிட்டால் அதே வண்டி மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் பறப்பதாக விடை வரும்!

இந்த விகிதங்களைப் பார்க்கக் கையேடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் பின் சக்கரத்தைப் பத்துச் சுற்று முன்பக்கமாகச் சுற்றுங்கள். கிராங்க் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டு) நுனியில் இருக்கும் மேக்னெட் நட் எத்தனை முறை சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். 81 என்றால் மொத்த விகிதம் 8.1.

அடுத்தது டயர். 100/90-17 என்ற அளவை வைத்துப் போட்டால் சுற்றளவு 1.92 மீட்டர். ஆள் ஏறினால் டயர் அமுங்கும். சரியான காற்று வைத்து, ஆள் உட்கார்ந்தபடியே, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு கிழித்து, ஐந்து சுற்று உருட்டி அளந்து ஐந்தால் வகுப்பதுதான் நம்பகமானது. 1.88 மீட்டர் வந்தால் வேகம் 741 × 1.88 × 60 ÷ 1,000, அதாவது 83.6 கி.மீ. டயர் பட்டன் (தரையைத் தொடும் மேல் ரப்பர் கட்டைகள்) 4 மி.மீ. தேய்ந்தால் இன்னும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். செயின் தளர்ந்து தொங்கினாலும் விடை மாறாது. கிளட்ச் வழுக்கினால்தான் ஆர்.பி.எம். மட்டும் ஏறும், வண்டி ஏறாது.

இனி 15 பல். அதே 6,000 ஆர்.பி.எம்.முக்கு 89.5 கி.மீ. வருகிறது. அந்த 6,000-ஐ எஞ்சின் எட்ட வேண்டுமே? காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி, வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 7 சதவீதம் கூடுதல் வேகத்துக்குச் சுமார் 23 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். 14 பல்லிலேயே டாப் கியரில் சிவப்புக் கோட்டை (எஞ்சின் சுற்றின் உச்ச வரம்பை) தொடாத எஞ்சின், 15 பல்லில் திணறி முன்பைவிட மெதுவாகவும் போகலாம்.

ஸ்பீடோமீட்டரையும் கவனிக்க வேண்டும். சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால், முன்பு 83.6-க்குக் காட்டிய எண்ணையே இப்போது 89.5-க்கும் காட்டும். முன் சக்கரத்திலிருந்து எடுக்கும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்