தொண்டுகிழம்

அன்புள்ள கண்ணா,

நலமா? இங்கே எல்லாரும் சுகம்.

போன ஞாயிறு போனில், "தொண்டுகிழம் என்ன பண்ணுது?" என்று கேட்டாயே, அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது. பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நீ வைத்ததும், "நானென்ன ஊருக்குத் தொண்டு செய்யற கிழமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவின் பழைய அகராதியைத் தூசி தட்டி எடுத்தேன்.

தொண்டு என்றால் ஊழியம் மட்டும் இல்லையாம், பழமை என்றும் பொருள். 'தொன்றுதொட்டு' என்கிறோமே, அந்தச் சொந்தம். தொண்டுகிழத்துக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் பழந்தமிழில் ஒன்பதுக்கும் தொண்டு என்றுதான் பெயர். பரிபாடலில் புலவர் ஏழு, எட்டு, தொண்டு என்றே எண்ணிக்கொண்டு போகிறார். தொண்ணூறில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதுதான். அல்சூர் மார்க்கெட்டில் அவரைக்காய்க்காரர் கிலோ 'தொம்பத்து' என்று கன்னடத்தில் தொண்ணூறு சொல்வதும், மாடிவீட்டுத் தெலுங்கம்மா ஒன்பதை 'தொம்மிதி' என்பதும் இத்தனை வருஷமாகக் காதில் விழுந்தும் உறைக்கவில்லை, போ.

பாட்டிக்கு ஒன்பதுதான் பிடித்தது. ஆவணியில் 90 முடிந்ததல்லவா!

கிழம் அதைவிட ருசி. கிழமை என்றால் உரிமை. கிழவன் முதலில் உடையவன், தலைவன். வயது பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது. "செல்லான் கிழவன் இருப்பின்" என்று குறள் சொல்லும் கிழவன் நிலத்துக்குச் சொந்தக்காரன். அவன் வயல் பக்கம் எட்டிப் பார்க்காமல் வீட்டிலேயே கிடந்தால் நிலம் பெண்டாட்டி மாதிரி கோபித்துக்கொள்ளுமாம். திருமுருகாற்றுப்படை முருகனையே 'மலைகிழவோன்' என்கிறது. என்றும் இளையவனுக்கு அந்தப் பேர்! ஞாயிற்றுக்கிழமைகூட ஞாயிற்றுக்கு உரிய நாள்தான்.

எல்லாவற்றையும் பாட்டிக்குப் படித்துச் சொன்னேன். முருகன் பேர் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் முந்தானை முடிச்சில் இருக்கும் பீரோ சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ பய சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். 31 வருஷமாக நான் இந்த வீட்டு மருமகள். அந்தச் சாவி இன்னும் என் கைக்கு வரவில்லை, உனக்குத் தெரியாததா?

உன் பொங்கல் காசு பீரோவில்தான் இருக்கிறதாம். நேரில் வந்தால்தான் தருவாராம்.

அன்புடன்,
அம்மா