வாத்தியாரின் மஞ்சப்பை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு காலை

பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ கோபமாகப் போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உங்கம்மா, "விடுங்க, காலையில பேசிக்கலாம்" என்றாள். பேசினால் மறுபடியும் இரண்டு பேருக்கும் குரல்தான் ஏறும். அதனால் எழுதுகிறேன்.

வாத்தியாரை எடுத்த அன்று சுடுகாட்டில் நான் பேசிய வீடியோவை யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். "எரியப்போற உடம்புக்கு முன்னால அரசியல் பேசுறதாப்பா? மாலை போட வந்த மனுஷனை நிக்க வச்சு அவமானப்படுத்துறதா?" என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வீடியோவில் வராத சங்கதி ஒன்று உண்டு.

2015 வெள்ளத்தில் நம் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது உனக்கு மறந்திருக்காது. நம் தெரு வடிகால் வாய்க்காலை அடைத்துக் கட்டியிருப்பதை எடுக்கச் சொல்லி அந்த வருஷம் மனு எழுத ஆரம்பித்த வாத்தியார், போன மாதம் வரைக்கும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், தபால் ஆபீஸ் ரசீது, எல்லாம் ஒரு மஞ்சப்பையில். பால் பாக்கெட் கவரை வெட்டிக் கழுவிக் காயவைத்து, அதில் வருஷவாரியாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். வெள்ளத்தில் காகிதத்தை இழந்தவருக்கு வந்த பழக்கம் அது.

அவரை எடுத்த அன்றைக்குக் காலையில் வாத்தியார் வீட்டு அக்கா அந்தப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இத அவரோடயே வச்சு எரிச்சிடவா தம்பி, இல்ல நீ நாலு பேருக்கு முன்னால சொல்றியா?" என்றார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல்.

நான் யார் பெயரையும் எடுக்கவில்லை. கடைசி மனுவின் தேதியைப் படித்தேன். இதற்கும் பதில் வரவில்லை, இனிமேல் வந்தால் அக்கா பெயருக்கு அனுப்புங்கள் என்றேன். அந்த மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டவர்களில் ஒருவர் மலர் வளையத்தோடு வந்து நின்றிருந்ததால் அவருக்குச் சுட்டது.

பெரியாரை நீ இழுத்தாய். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, காலமெல்லாம் அவரை எதிர்த்தவர் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரைக்கும் போய் அழுதார், விமர்சனமா செய்தார் என்று கேட்டாய். சரி. ஆனால் ராஜாஜியைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்போதே பெரியார் சொல்லி முடித்திருந்தார். செத்தவரைக் குறை சொல்வது வேறு. செத்தவர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காததை, கொடுக்க வேண்டியவர் முன்னால் வைப்பது வேறு. முதலாவதை நானும் செய்ய மாட்டேன்.

நீ குடியிருக்கும் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் லித்தோனியா என்று ஓர் ஊர் இருக்கிறதே, அங்கேதான் 2006 பிப்ரவரி 7 அன்று மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டாவின் இறுதிச் சடங்கு நடந்தது. அப்போது பதவியில் இருந்த புஷ்ஷையும் சேர்த்து நான்கு அதிபர்கள் மேடையில். ஜோசப் லோவரி என்ற 84 வயது பாதிரியார், கிங்கோடு சேர்ந்து இயக்கம் கட்டியவர், எழுந்து ஈராக் போரைப் பற்றிப் பேசினார். அங்கே பேரழிவு ஆயுதம் எதுவும் இல்லை, போருக்கு மட்டும் கோடிகோடியாய்ப் பணம், ஏழைக்கு இல்லை என்றார். புஷ் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கிங் தம்பதியை அரசாங்கம் ஒட்டுக்கேட்டதை ஜிம்மி கார்ட்டரும் அங்கே நினைவுபடுத்தினார். நாகரிகம் இல்லை என்று பலர் திட்டினார்கள். கொரெட்டாவே அந்தப் போரை எதிர்த்தவர், பாப்பா. அதை விட்டுவிட்டுப் பேசினால், பெட்டியில் படுத்திருப்பது யாரென்று எப்படிச் சொல்வது?

அங்கேயே மாறாகவும் நடந்திருக்கிறது. 2002 அக்டோபரில் மினசோட்டா செனட்டர் பால் வெல்ஸ்டோன் விமான விபத்தில் இறந்தார், மனைவியும் மகளும் கூடவே. நினைவுக் கூட்டம் ஓட்டுக் கேட்கும் கூட்டம் போல ஆகிவிட்டது. எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள், மாநில ஆளுநர் பாதியில் எழுந்து போனார். அது தப்பு.

நான் செய்த தப்பும் அதுதான். கடைசியில், "அடுத்த தேர்தல்ல பாத்துக்குவோம்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். சுடுகாட்டில் கைதட்டல் கேட்டதும் எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. வாத்தியார் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டுப் போனவரில்லை. அந்த ஒரு வரி என்னுடையது, அவருடையது இல்லை. அதற்கு நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

மற்றதற்கு இல்லை. உன் தாத்தா இறந்தபோது எனக்குப் பதினோரு வயது. அவர் வேலை பார்த்த இடத்தின் முதலாளி ரோஜா மாலையோடு வாசலில் வந்து நின்றார். என் அத்தை மாரில் அடித்துக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒப்பாரியை மாற்றினார். "கூடப் பொறந்த பொறப்பே, ஆறு மாசக் கூலி நிக்குதே, வாசல்ல வந்து நிக்கிறாரே, வாங்கிக்காமப் போறியே" என்று. பறையடித்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். அத்தையை யாரும் அடக்கவில்லை. அந்த மனிதரும் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பாடை எடுக்கும் வரைக்கும் வெயிலில் கைகட்டி நின்றார். அந்த மட்டுக்கு அவரை மதிக்கிறேன். பாக்கியில் பாதி கருமாதிக்கு முன்னால் வந்தது. மீதி வரவே இல்லை.

நம் பெண்கள் சாவு வீட்டில் எப்போதும் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். வேறு எங்கே அவர்களைப் பேசவிட்டார்கள்? நீ பள்ளிக்கூடத்தில் படித்த பாரி மகளிர் பாட்டும் அதுதானே. அப்பனையும் குன்றையும் இழந்த பெண்கள், அதைப் பிடித்துக்கொண்ட வேந்தர்களை அந்தப் பாட்டுக்குள்ளேயே நிறுத்தி வைத்தார்கள்.

2018 ஆகஸ்ட் 8 ஞாபகம் இருக்கிறதா? ராஜாஜி அரங்கத்தில் கலைஞர் உடல் இருக்கும்போதே, மெரினாவில் இடம் வேண்டும் என்று கூட்டம் முழக்கம் போட்டது. நாம் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். உயர் நீதிமன்றம் இடம் கொடுக்கச் சொன்னதும் நீதான் முதலில் அழுதாய். அது அரசியல் இல்லையா?

நேற்று சாயந்திரம் அக்காவைப் போய்ப் பார்த்தேன். தேர்தல் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அத விடு தம்பி, தேதியச் சரியாப் படிச்சியே, அது போதும்" என்றார். பதினாறாம் நாள் காரியம் வருகிற வியாழக்கிழமை. அதற்கு முன்னால் அக்கா பெயரில் ஒரு மனு எழுதி, தபாலில் போடப் போகிறோம். பை நம் வீட்டில்தான் இருக்கிறது. உங்கம்மா இன்றைக்கு வந்த பால் பாக்கெட் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள்.

குளிர் அதிகமாக இருந்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் படித்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா