பத்துக்கு மூன்று

பிலடெல்பியா
ஜனவரி 12, 2026

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அது போதும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கறுப்புக் கண்ணாடியோடு பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராமே. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், அவர் யார் பேச்சைக் கேட்டார்! இங்கே மூன்று நாளாகப் பனி. இந்த வருஷமும் குக்கர் பொங்கல்தான். விசிலைப் பார்த்துப் 'பொங்கலோ பொங்கல்' சொல்ல வேண்டியதுதான்.

"கிரிக்கெட் ஸ்கோர்கூடக் கேட்காதவள் பேஸ்பால் பார்க்க உட்கார்ந்துவிட்டாயா" என்று கேட்டிருந்தாய். எல்லாம் பேரனால் வந்தது. அவன் விளையாடும் சிறுவர் அணிக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்றதும், "எங்க ஆச்சி கணக்கு டீச்சர்" என்று கோச்சிடம் சொல்லிவிட்டான். நோட்டும் பென்சிலும் என் கைக்கு வந்துவிட்டன. பேட்டர் வரும்போதெல்லாம் ஒரு கட்டம். ஸ்டிரைக் அவுட் ஆனால், அதாவது மூன்று பந்தைத் தவறவிட்டு வெளியேறினால், அதில் ஆங்கில 'கே' போட வேண்டும். மட்டையை வீசாமல் பந்தை வேடிக்கை பார்த்தபடியே அவுட் ஆனால் அதே 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. நேர் கே பரவாயில்லை, திருப்பின கே மானக்கேடு. பத்து வயதுப் பையன்களின் நோட்டில் அது நிறைய விழும், சரி. கை பழகட்டும் என்று டி.வி.யில் வருகிற பெரியவர்கள் ஆட்டத்துக்கும் எழுதிப் பார்த்தேன். அங்கேயும் பக்கம் முழுக்கக் கே! லட்சக்கணக்கில், ஏன், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள். அப்போதுதான் எனக்கு அரிப்பு தொடங்கியது.

இங்கே பேட்டிங் சராசரி என்பது கிரிக்கெட் சராசரி அல்ல. அவுட்டுக்கு எத்தனை ரன் என்று பார்ப்பதில்லை. ஆடிய வாய்ப்புகளில் எத்தனை ஹிட் என்பதுதான். ஹிட் என்றால் பந்தை அடித்து, அவுட் ஆகாமல் முதல் பேஸுக்காவது ஓடிச் சேர்வது. பந்து வீசும் பிட்சர் நான்கு பந்தை வெளியே போட்டுப் பேட்டர் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போனால், அந்த 'வாக்' கணக்கிலேயே வராது. விடையை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். 300 வந்தால் நல்ல பேட்டர். அதாவது பத்துக்கு மூன்று. நம் பாஸ் மார்க் 35-ஐ விடக் கீழே!

இப்போது அந்த 300-க்கும் பஞ்சம் வந்துவிட்டது. இங்கே உச்ச மட்ட ஆட்டமான மேஜர் லீக் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1999-இல் சராசரி 271. 2022-இல் 243. போன வருஷம் 245. அதன் இரண்டு பிரிவில் ஒன்றான நேஷனல் லீகில் போன சீசனில் 300-ஐத் தொட்டவர் ஒரே ஒருவர், எங்கள் ஊர் பில்லீஸ் அணியின் டிரே டர்னர், 304. 1876-இல் தொடங்கிய லீக் அது. இவ்வளவு குறைந்த எண்ணை வைத்துக்கொண்டு அங்கே யாரும் சராசரிப் பட்டம் வாங்கியதில்லை.

போன கோடையில் மகன் என்னை லீஹை அவென்யூவுக்குக் கூட்டிப் போனான். ஷைப் பார்க் என்ற பழைய மைதானம் இருந்த இடம். இப்போது பெரிய சர்ச் நிற்கிறது, மைதானத்தின் ஞாபகத்துக்கு ஒரு தகவல் பலகை. 1941 செப்டம்பர் 28 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அந்த சீசனின் கடைசி நாள் அங்கே ஆட வந்தார். அதுவரை 448 வாய்ப்பு, 179 ஹிட். வகுத்துப் பார், 0.39955. நாம் மூன்று தசமத்துக்குத் திருத்தினால் 400. மேனேஜர், வேண்டுமானால் இன்று உட்கார்ந்துகொள் என்றார். இவர் மாட்டேன் என்று இரண்டு ஆட்டமும் ஆடி, 8-க்கு 6 ஹிட் அடித்தார். 456-க்கு 185, அதாவது 406. தசமத் திருத்தத்தால் கிடைக்கிற மார்க்கை வேண்டாம் என்ற பிள்ளையை நம் சர்வீஸில் ஒருவரையாவது பார்த்திருக்கிறோமா?

அதற்குப் பிறகு நேஷனல், அமெரிக்கன் என்ற இரண்டு லீகிலும் யாரும் 400-ஐத் தொடவில்லை. (கறுப்பின ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அவர்கள் தனி லீகில் எடுத்த எண்களை 2024-இல்தான் கணக்கில் சேர்த்தார்கள். இன்று ஒரு சீசன் சாதனை ஜாஷ் கிப்சனுடையது, 1943-இல் 466.) சான் டியேகோவின் டோனி க்வின் 1994-இல் 394-இல் இருந்தார். ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சீசன் அத்தோடு நின்றுபோனது.

400 ஏன் மறைந்தது என்பதற்கு ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் சொன்ன விளக்கம் உனக்குப் பிடிக்கும். நாம் சேர்ந்த புதிதில் வகுப்பில் ஒருத்தி 98 வாங்குவாள், பாதிப் பேர் 20-இல் கிடப்பார்கள். எல்லாரும் தேறத் தேற, முதல் பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி சுருங்கிவிடும். ஆட்டத்திலும் அப்படித்தான். பிட்சர், ஃபீல்டர், பேட்டர் எல்லாருமே தேறியதால் தனியாக ஒருவர் எகிற இடம் இல்லை. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) குறைந்தது, சராசரி 260 பக்கத்திலேயே இருந்தது என்றார் அவர். அழகான விளக்கம். ஆனால் அது 400-க்குத்தான் பதில், 243-க்கு இல்லை. இப்போது சராசரியே அல்லவா இறங்குகிறது!

நோட்டைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் போன பந்தில் ஆயிரத்துக்கு 290, 300 ஹிட் ஆகிறது. இருபது வருஷத்துக்கு முன்பும் ஏறத்தாழ அதே. படுவதுதான் குறைந்துவிட்டது. 2005 வாக்கில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஆறு சொச்சம் ஸ்டிரைக் அவுட், இப்போது எட்டுக்கு மேல். 2018-இல் சீசன் முழுவதும் விழுந்த ஸ்டிரைக் அவுட், ஹிட்டை மிஞ்சிவிட்டது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

பிட்சர்தான் பந்தைத் தொடங்கி வைக்கிறவர் என்பதை மறக்காதே. அவர் அதிவேகக் கேமரா முன்னால் நின்று, விரலை எங்கே வைத்தால் பந்து எவ்வளவு வளைகிறது என்று அளந்து பார்த்துப் புதுப் பந்தையே தயாரித்துக்கொண்டு வரலாம். பேட்டர் என்ன தயாரிப்பார்? வருவதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதுவும் 0.4 விநாடிக்குள். வேகப்பந்தின் சராசரி வேகம் இப்போது மணிக்கு 150 கி.மீ.க்கு மேல். அப்புறம் 1968-இல் பாப் கிப்சன் என்ற பிட்சர் (இவர் வேறு கிப்சன்) தொடங்கிய 34 ஆட்டத்தில் 28-ஐத் தானே முடித்தார். இன்று 30 அணிகளும் சேர்ந்து ஒரு சீசனில் முடிப்பதே ஏறத்தாழ அவ்வளவுதான். பிட்சர் களைக்கும் முன்பே அடுத்த ஆள் வந்துவிடுகிறான். சாயங்காலமும் பேட்டருக்குக் காலைப் பந்துதான். முழங்கைத் தசைநார் கிழிந்து ஆபரேஷனுக்குப் போகிற பிட்சர்களும் அதிகம், அது தனிக் கதை.

அந்த 1968-இல் சராசரி 237-க்கு விழுந்ததும், பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10-ஆக வெட்டினார்கள். அடுத்த வருஷமே 248. இப்போது மருந்து அவ்வளவு சுலபமாகக் கேட்கவில்லை. 2022-இல் பிட்சர்கள் மட்டை பிடிக்கவே வேண்டாம் என்றார்கள். அவர்கள் அடிக்கிற அழகுக்குச் சராசரி ஏற வேண்டும், அப்படியும் 243. 2023-இல் ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிக்கக் கூடாது என்றார்கள். 248 வந்தது. 2024-இல் திரும்பவும் 243!

பேட்டர்களும் இதில் அப்பாவிகள் இல்லை. எங்கள் பில்லீஸில் கைல் ஸ்வார்பர் இருக்கிறார். 2023-இல் அவர் சராசரி 197. நம் ரிப்போர்ட் கார்டில் சிவப்பு மையில் போட வேண்டிய எண். ஆனால் 47 ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி), 126 வாக். 215 தடவை ஸ்டிரைக் அவுட் ஆனார், யாரும் கவலைப்படவில்லை. போன சீசனில் 56 ஹோம் ரன், போன மாதம் ஐந்து வருஷத்துக்கு 15 கோடி டாலர் ஒப்பந்தம். இப்படிப் பந்து வருகிறபோது மூன்று சிங்கிளைக் கோத்து ஒரு ரன் எடுப்பது நடக்காத காரியம், ஒரே அடியில் வெளியே அனுப்புவதுதான் லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். கணக்கு சரிதான் சரசு, நான் சரி பார்த்துவிட்டேன். பார்க்கத்தான் அலுப்பாக இருக்கிறது. ஒன்று வெளியே, இல்லாவிட்டால் கே. நடுவில் ஓடுகிறவர்களைக் காணோம்.

எனக்குப் பிடித்தவர் லூயிஸ் அராயெஸ். 2022, 23, 24 மூன்று வருஷமும் மூன்று வெவ்வேறு அணிக்கு ஆடிச் சராசரிப் பட்டம் வாங்கினார். 2024-இல் சீசன் முழுக்க 29 ஸ்டிரைக் அவுட்தான். பூப்பறிக்கிற மாதிரி பந்தைத் தொட்டு, ஃபீல்டர் தலைக்கு மேலே மெதுவாக விழவிடுவார். ஹோம் ரன் அதிகம் இல்லை என்று பேரனுக்கு அவரைப் பிடிக்காது. கோச் அவனிடம் பந்தைத் தூக்கி அடி என்கிறார், நான் ரகசியமாக இடைவெளி பார்த்து அடி என்கிறேன். கடைசி ஆட்டத்தில் அவன் தட்டிய பந்து இரண்டு ஃபீல்டருக்கு நடுவே புல்லில் உருண்டு போனது. கட்டத்தில் சின்னக் கோடு போட்டேன், பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

இப்போது கீழே பேஸ்மென்டில் வலையில் அடித்துக்கொண்டிருக்கிறான். தொம் தொம் என்று சத்தம். தோசை ஆறுகிறது, போய்க் கூப்பிட வேண்டும். அண்ணாச்சியிடமிருந்து பேப்பரைப் பிடுங்கு. மார்ச்சில் மருமகளின் தம்பி ஊருக்கு வருகிறான், அவனிடம் கொஞ்சம் சுண்டைக்காய் வத்தல் கொடுத்தனுப்பு.

உன்
கோமதி